மைனஸ் ஆறு டிகிரி

மிருதுளா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தாலுகா ஆபீசில் கேட்டபோது எத்திராஜால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இருக்கிறாள் என்றால் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். இல்லை என்றால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாத ஒரு பெண்ணைக் குடும்ப அட்டையில் எங்கே வைப்பது என்று எதிரே உட்கார்ந்திருந்தவருக்கும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெளியூர்னு போட்டுக்கறேன் சார்" என்றார்.

ஒரு விதத்தில் அது சரிதான். மிருதுளா ஏலகிரி மலைமேல் இருந்தாள். ஏரியைத் தாண்டிப் போனால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு நீளமான கட்டடம் ஒன்று வரும். தனியார் ஆராய்ச்சி நிலையம். நீளமாக ஒரு பெயர் அதற்கு உண்டு. மலைக்காரர்கள் குளிர்மனை என்றுதான் சொன்னார்கள். அதன் பெரிய கூடத்தில், மைனஸ் ஆறு டிகிரியில், வரிசையாகப் போட்டிருந்த கண்ணாடிப் படுக்கைகளில் ஒன்றில் அவள் படுத்திருந்தாள்.

எத்திராஜ் சரக்கு ரயில் ஓட்டியவர். வீடு ஜோலார்பேட்டையில். மகள் பிறந்தபோது அவர் குண்டக்கல் பக்கம் ஒரு சிக்னலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் வளர்ந்ததெல்லாம் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். டியூட்டி முடிந்து வந்து தூங்குகிறவராகவே அவள் அவரைப் பார்த்திருந்தாள். இருபது வயதில் அவள் ரத்தத்தில் ஒரு நோய் வந்தது. வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். மருந்து இன்னும் வரவில்லை, சோதனையில்தான் இருக்கிறது, வருவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம் என்றார்கள். அவளிடமோ சில வாரங்கள்தான் இருந்தன.

அப்போதுதான் குளிர்மனையின் டாக்டர் ஹெப்சிபாவைப் பார்த்தார்கள். நாற்பது வயதிருக்கும். அவசரமில்லாமல் பேசுகிற பெண்.

"வீட்டு ஃப்ரீஸர்ல தக்காளி வச்சிருக்கீங்களாம்மா?" என்று எத்திராஜின் மனைவி கோமளாவைத்தான் முதலில் கேட்டாள். "வெளிய எடுத்து வச்சா கொழகொழன்னு ஆயிடும் இல்ல? உள்ள இருக்கற தண்ணி ஐஸாகும்போது ஊசி ஊசியா வளந்து எல்லாத்தையும் கிழிச்சிடுது. மனுஷ உடம்பும் அப்படித்தான். ஆனா தென்துருவக் கடல்ல ஒரு மீன் இருக்கு. ஐஸ் மிதக்கற தண்ணியிலயே வாழுது, உறையறதில்ல. அது ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. ஐஸ் துணுக்கு உருவாகும்போதே அது போய் ஒட்டிக்கும். மேல வளர விடாது."

அந்தப் புரதத்தை இன்னும் வலுவாக்கி, மனித ரத்தத்தோடு ஓடும்படி அவர்கள் செய்திருந்தார்கள். உடம்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும், ஆனால் கட்டியாகாது, சதை சதையாகவே இருக்கும், நோயும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று விளக்கினாள். மருந்து வரும் வரைக்கும் மிருதுளாவுக்கு என்ன தெரியும் என்று எத்திராஜ் கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது சார். கனவுகூட இருக்காது."

கோமளாவுக்கு அதில் மனமில்லை. போகிறவளை வீட்டில் மடியில் வைத்து அனுப்பலாம் என்றாள். ஆனால் மிருதுளாவே சரி என்றுவிட்டாள். உள்ளே கொண்டுபோகும்போது, "ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கறேன், நீங்க டியூட்டி முடிச்சு வந்து தூங்கற மாதிரி" என்று அப்பாவிடம் சிரித்தாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் எத்திராஜ் மலையேறினார். கனத்த கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் நிற்பார். இறந்தவர்களுக்கு வரும் வெளுப்பு அவளிடம் இல்லை. அதே சமயம் மார்பு ஏறி இறங்கவுமில்லை. மூச்சு இருக்கு சார், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவா போகுது, அவ்வளவுதான் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். கோமளா ஒரே ஒரு முறைதான் வந்தாள். கண்ணாடிமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தால் எத்திராஜையும் கோமளாவையும் பார்த்துத் தயங்கினார்கள். துக்க வீடா இல்லையா என்று தெரியாத வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவது, எதைப் பற்றிப் பேசுவது? மெல்ல மெல்ல யாரும் வராமல் போனார்கள்.

ஐந்தாவது வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் காலை டாக்டர் ஹெப்சிபா போன் செய்து உடனே வரச் சொன்னாள். அவளுடைய அறையில், கதவைச் சாத்திவிட்டு, திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். மிருதுளாவின் மூளையிலிருந்து வரும் மின்சாரம். இத்தனை வருடமாக அது கிட்டத்தட்ட நேர்கோடாகவே இருந்தது. இழைபோல லேசான ஏற்ற இறக்கத்தைக் கருவியின் கோளாறு என்று விட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விளையாட்டுப்போல அந்த ஐந்து வருடத்தையும் நெருக்கி வேகமாக ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

ஹெப்சிபா அதை ஓட்டிக் காட்டினாள். கோடு துடித்தது.

"இது தூங்கறவங்க மூளை இல்ல சார்" என்றாள். "முழிச்சிருக்கறவங்களோடது."

எத்திராஜுக்கு முதலில் அது சந்தோஷச் செய்தியாகத்தான் பட்டது. ஹெப்சிபாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இல்லை என்று புரிந்தது.

"நாங்க மீனோட புரதத்தை எடுத்தோம். அது உறையாம காப்பாத்துதுன்னு மட்டும்தான் பாத்தோம். அந்த மீன் அந்தக் குளிர்ல சும்மா கெடக்கல சார். நீந்துது. இரை தேடுது. பயந்தா ஓடுது. அதோட நரம்பெல்லாம் வேலை செய்யுது. நாங்க வலுவாக்கினதுல அதுவும் சேந்து வந்துடுச்சு. மிருதுளா நின்னு போகல. மெதுவா ஓடிட்டிருக்கா. நமக்கு ஒரு வருஷம்னா அவளுக்குச் சுமாரா ஒரு மணி நேரம்."

 அப்படியென்றால் மகள் ஐந்து மணி நேரமாக அந்தக் குளிரில் விழித்துப் படுத்திருக்கிறாள், அப்படித்தானே என்று எத்திராஜ் கேட்டார். ஆமாம் என்று ஹெப்சிபா தலையசைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தான் வந்து நின்றது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் நின்றால் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது, அதுவும் அசையாமல் நின்றால்தான் என்றாள்.

வெளியே எடுத்தால் சில வாரங்களில் நோய் கொன்றுவிடும். விட்டுவைத்தால் தனியாகக் கிடப்பாள். இரண்டுக்கும் நடுவே ஹெப்சிபா ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். பார்ப்பது முடியாது, பேசுவது முடியாது, ஆனால் தொடலாம். யாராவது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தால், பகலும் இரவும் விடாமல் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தால், அது அவளுக்கு எட்டும். வெறும் கையின் சூடு ஆகாது என்பதால் அதற்கென்று ஒரு குளிர்க் கையுறை செய்தார்கள். நர்ஸுகள், டெக்னீஷியன்கள், ஹெப்சிபா, எத்திராஜ் என்று முறைவைத்துக்கொண்டார்கள். ஒருவர் கையை உருவுவதற்குள் அடுத்தவர் கை அங்கே வந்துவிடும். கூடத்துக்கு வரும் மற்ற வீட்டாரிடம் இதை ஏதோ தசைப் பயிற்சி என்று சொல்லி வைத்திருந்தது நிர்வாகம்.

எத்திராஜ் வாரத்தில் பாதி நாள் மலையிலேயே தங்கினார். கையுறை போட்ட கைக்குள் மகளின் விரல்கள் களிமண்போலக் குளிர்ந்து கிடந்தன. பற்கள் கிட்டித்துக்கொள்ளும். ஆனாலும் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது இவ்வளவு நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்று அவருக்குத் தோன்றும்.

சில மாதங்கள் கழித்து விரல்கள் அசைந்தன. அசைவு கண்ணுக்குத் தெரியவில்லை. போன வாரம் நேராக இருந்த சுட்டுவிரல் இந்த வாரம் மடங்கியிருந்தது. பிறகு மற்ற விரல்களும். அடுத்த மாதம் மணிக்கட்டு லேசாகத் திரும்பியிருந்தது. நர்ஸுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எத்திராஜ் வீட்டுக்கு ஓடிவந்து, அவள் கையைப் பிடிக்கிறாள் என்று கோமளாவிடம் சொன்னார். கோமளா அடுப்பை அணைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தின் கூரையில் ஒரு காமிரா உண்டு. ஒரு வருடம் ஆனதும் அந்தப் படங்களை ஹெப்சிபா ஒன்றாகத் தொகுத்து, மிருதுளாவின் நேரத்துக்கே ஓட்டிக் காட்டினாள். கண்ணாடிப் படுக்கை. ஜன்னலில் வெளிச்சம் வருகிறது, போகிறது, வருகிறது. படுக்கையருகே ஆள் இல்லை. ஆள் இருந்த இடத்தில் சோற்றுப் பானைமேல் நிற்பதுபோல ஓர் ஆவி. முகம் இல்லாமல், உருவம் நிலைக்காமல், அலைந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து ஒரு கை மட்டும் திடமாக வந்து மிருதுளாவின் கையைப் பற்றியிருந்தது. அந்தக் கையும் ஒரே கையாக இல்லை. தடித்தது, மெலிந்தது, நீண்டது, குறுகியது.

மிருதுளாவின் இமைகள் திறந்திருந்தன. வாய் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. விரல்கள் மடங்கின. மணிக்கட்டு திரும்பியது.

"பாருங்க, எப்படி இறுக்கிப் பிடிக்கறான்னு" என்றாள் ஹெப்சிபா.

"பிடிக்கல டாக்டர்" என்றார் எத்திராஜ். "உதர்றா."

இருவரும் அதை மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை ஓட்டுவதற்குள் ஹெப்சிபா திரையை அணைத்துவிட்டாள். தன்னை விடாமல் பற்றியிருக்கும் ஏதோ ஒன்றின் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொள்ள அந்தப் பெண் ஒரு மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது பேசுவதற்காக அல்ல.

அன்றைக்கே கையுறையை எடுத்துவிட்டார்கள்.

எத்திராஜ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மலையேறிப் போய், தன்னையும் உள்ளே வைத்துவிடும்படி ஹெப்சிபாவிடம் கேட்டார். அவளுக்குத் தன் வேகத்தில் ஒரு முகம் வேண்டும், அது அவளுக்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும், வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றார். நல்ல உடம்போடு இருப்பவரைக் குளிரில் வைக்கச் சட்டம் இடம் தராது என்றாள் ஹெப்சிபா. ஆனால் விஷயம் நிர்வாகத்துக்குப் போனதும் அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். அந்தக் கூடத்தில் மிருதுளா மட்டும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் படுத்திருந்தார்கள். அவர்களும் விழித்துத்தான் இருந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கு அது தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். எத்திராஜை ஆராய்ச்சிக்கான தன்னார்வலர் என்று சேர்த்துக்கொள்ளலாம், அவர் இதைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்றார்கள்.

அவர் ஒப்புக்கொண்டார். மகளின் பக்கத்துப் படுக்கையில் ஒரு வயதானவர் இருந்தார். அவருடைய மனைவி மாதம் ஒருமுறை திண்டிவனத்திலிருந்து வந்து நிற்பார், எத்திராஜுக்கு வணக்கம் சொல்வார். ஒப்புக்கொண்ட பிறகு அந்தம்மாவின் முகத்தை எத்திராஜால் பார்க்க முடியவில்லை.

கோமளாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். திரையில் பார்த்ததையும் சொன்னார். அவள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தார். அவள் அவருடைய துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். அங்கே துணி தேவைப்படாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

உள்ளே போகும் அன்று அவளும் கூட வந்தாள். அவர் குளிருக்குள் போய்விட்டால் அப்பாவையும் மகளையும் எழுப்புவதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை இனி அவளுக்கு மட்டும்தான் என்று ஹெப்சிபா விளக்கினாள். கோமளா கேட்டுக்கொண்டாள். ஹெப்சிபா நகர்ந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

"பொழைக்கறதோ போறதோ, அவ என் மடியில இருக்கட்டும்னு அன்னிக்கே சொன்னேன். நீங்க யாரும் கேக்கல. இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. மருந்து வந்தா எழுப்புவேன். வரலன்னாலும் ஒரு நாள் எழுப்பிடுவேன். நான் கண்ண மூடறதுக்கு முன்னாடி. உங்க ரெண்டு பேரையும் இப்படி விட்டுட்டு நான் போக மாட்டேன்."

எத்திராஜ் சரி என்றார்.

"அப்புறம், வாய மூடிக்கறேன்னு நீங்கதான ஒத்துக்கிட்டீங்க? என்னை யாரும் கேக்கலயே" என்றாள். கூடத்தில் அந்த நேரத்தில் யார் யாரோ தங்கள் தங்கள் படுக்கையருகே நின்றுகொண்டிருந்தார்கள். கோமளா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

ஒலிதான் முதலில் போனது. குளிரூட்டும் பம்பின் ரீங்காரம் ஏறி ஏறிக் கீச்சொலியாகி, பிறகு இல்லாமல் ஆனது. அதுவரை தன் வாழ்க்கையில் மௌனம் என்று ஒன்றைக் கேட்டதே இல்லை என்று எத்திராஜுக்குத் தோன்றியது. குளிர் வெளியிலிருந்து வருவதாக இல்லை. தானே குளிராக இருப்பதுபோல இருந்தது. ஹெப்சிபாவின் முகம் மேலே இருந்தது. அது நடுங்கியது, பிசிறியது, பிறகு இல்லை.

ஜன்னலில் வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். இரண்டு மூச்சு விடுவதற்குள் ஒரு பகல் போய்விட்டது.

கழுத்தைத் திருப்ப வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததற்கும் கழுத்து அசைந்ததற்கும் நடுவே பல பகல்கள் போயின. மிருதுளா பக்கத்திலேயே இருந்தாள். இரண்டு படுக்கைகளையும் ஒட்டிப் போட்டு, அவர் கையை அவள் கைமேல் வைத்திருந்தார்கள். அவள் அந்தக் கையை உதறிக்கொண்டிருந்தாள். கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. படுக்கைகளுக்கு நடுவே ஆவிகள் அலைந்தன. அவை மனிதர்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஒன்று தன்மேல் கவிந்தபோது அவரும் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தார்.

அவள் தலை திரும்பியது. தன்னைப் பற்றியிருக்கும் கை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் திரும்பினாள். அந்தக் கையின் மறுமுனையில் முதல் தடவையாக ஒரு முகம் இருந்தது. கலையாமல், அப்படியே நின்றது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு முழு மழைக்காலம் ஜன்னலில் மங்கிக் கடந்தது. உதறல் நின்றது. விரல்கள் அவர் விரல்களுக்குள் நுழைந்து இறுகின. இந்த முறை அது பிடிப்புதான். அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. அவரும் ஏதோ சொன்னார், அதுவும் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ, கூடம் மாறத் தொடங்கியது. வயதான அந்த மனிதரின் படுக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு படுக்கை இருந்தது. ஒரு வெளிச்சத்தில் இல்லை, அடுத்த வெளிச்சத்தில் இருந்தது. அதில் திண்டிவனத்து அம்மா படுத்திருந்தார். பிறகு எதிர் வரிசையில் ஒன்று. பிறகு அதற்கடுத்து. பகல்கள் மின்ன மின்ன ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு துணை முளைத்துக்கொண்டே வந்தது. சில இடங்களில் படுக்கையே காணாமல் போனது. அந்த வீட்டார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோமளா பேசிவிட்டாள் என்று எத்திராஜுக்குப் புரிந்தது. கூடம் நிறைய அம்மாக்களும் கணவன்களும் பிள்ளைகளும் தலையைத் திருப்பி, ஒருவரையொருவர் கண் கொட்டாமல் பார்த்தபடி படுத்திருந்தார்கள். அவர்களுக்கு மேலே ஆவிகள் குறைந்துகொண்டே போயின. வெளியே மிச்சம் இருப்பது யார், இத்தனை பேரையும் பார்த்துக்கொள்வது யார் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் சில்வர் ஓக் மரங்கள் ஜன்னலைத் தாண்டி வளர்ந்திருந்தன.

பிறகு ஒரு பகல் வந்தது. அது முடியவில்லை.

இருட்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. வெளிச்சம் தரையில் ஒரு கோடாக நின்றது, மிக மெதுவாக நகர்ந்தது. எங்கோ கீச்சென்று ஒரு சத்தம் தொடங்கி, தணிந்து தணிந்து ரீங்காரமாகியது. மிருதுளாவின் விரல்கள் அவர் கைக்குள் சட்டென்று இறுகின. சட்டென்று என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்திருந்தார். அவர்களைச் சூடேற்றுகிறார்கள்.

படுக்கைகளுக்கு நடுவே ஆவி ஒன்று நின்றது. அலைச்சல் குறைந்து அது கெட்டியானது. ஒரு கிழவி. கூன் விழுந்த முதுகு, பஞ்சு போன்ற தலை. எப்போதோ செத்துப்போன தன் அம்மா வந்து நிற்கிறாள் என்று நினைத்து எத்திராஜ் நடுங்கினார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். கோமளா.

அவள் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் நின்றான். ஹெப்சிபா இல்லை. அவன் கையில் ஏதோ இருந்தது. மருந்தா, மருந்து இல்லாமலே எழுப்பிப் போர்த்துவதற்குக் கொண்டுவந்த துணியா என்று தெரியவில்லை. கோமளா குனிந்தாள். வெறுங்கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். உதடுகள் வேகவேகமாக அசைந்தன. ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு எத்திராஜின் கண்கள் இன்னும் சூடேறவில்லை.